வளையலை விற்று முட்டையை உறைய வைத்தோம்

கருத்தரிப்பு மையத்தில் நுழைந்ததும் ஒரு படிவம் தருவார்கள். முதல் வரியில் நம் பெயர், இரண்டாவது வரியில் கணவர் பெயர். நான் இரண்டாவது வரியில் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"மேடம், இதை விட்டுட்டீங்க," என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

"விடலைங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "சரிங்க, உட்காருங்க, கூப்பிடறேன்," என்றார். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

அந்த நாட்களில் நான் போனில் நிறையத் தேடினேன். கிடைத்ததெல்லாம் விளம்பரங்கள். இல்லாவிட்டால் பெரிய ஊர்களில் பெரிய சம்பளம் வாங்கும் பெண்கள் வேலைக்காகக் குழந்தையைத் தள்ளிப்போடுவது பற்றிய கட்டுரைகள். மாதம் இருபத்தோராயிரம் சம்பளத்தில், திருச்சியில், கல்யாணம் ஆகாமல், வயிற்றில் கட்டியோடு இருக்கும் ஒருத்தி என்ன செய்வாள் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. இப்போது உடம்பு தேறிவிட்டது. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் சுதா. வயது முப்பத்திமூன்று. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மொத்த ஜவுளிக்கடையில் பில் பிரிவில் பதினொரு வருடமாக வேலை. அம்மா அங்கன்வாடியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா தவறி ஒன்பது வருடம் ஆகிறது. அண்ணன் ரவி கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பில், அண்ணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறான்.

வயிற்று வலி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. மாதத்தில் இரண்டு நாள் சுருண்டு படுப்பது பெண்ணாய்ப் பிறந்ததின் ஒரு பகுதி என்றுதான் நினைத்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். ஒரு தீபாவளி வியாபாரத்தின்போது மாத்திரை கேட்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டும் கேட்கவில்லை. கடையின் மாடி குடோனில், வேட்டிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே சாய்ந்துவிட்டேன். கடைப் பெண்கள் இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவும் அங்கே வந்து சேர்ந்தார்.

ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கட்டி. இடது பக்கம் ஏழு சென்டிமீட்டர், வலது பக்கம் மூன்று. 'சாக்லேட் கட்டி' என்றார் டாக்டர். அந்தப் பெயரைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும், அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு சிலருக்கு வெளியேயும் வளர்கிறது. மாதா மாதம் உள்ளே கசிவது போலவே அதுவும் கசியும். ஆனால் வெளியே வர வழி கிடையாது. அங்கேயே தேங்கி, கெட்டியாகி, பழுப்பு நிறமாகிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பெயர். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

"இடது பக்கத்தை எடுத்தாகணும். விட்டா முறுக்கிக்கும், இல்லைன்னா உடையும். ரெண்டரை மாசத்துல தேதி தரேன்," என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "குழந்தை பத்தி யோசிச்சிருக்கீங்களா?"

"கல்யாணமே ஆகலைங்க டாக்டர்."

"அது தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

கட்டியை உரித்து எடுக்கும்போது அதை ஒட்டிய நல்ல திசுவும் கொஞ்சம் போய்விடுமாம். முட்டைகள் இருப்பது அந்தத் திசுவில்தான். ஒரு பெண்ணுக்கு முட்டை பிறக்கும்போதே இவ்வளவு என்று வந்துவிடுகிறது, புதிதாக உண்டாவதில்லை. கையிருப்பு எவ்வளவு என்று ஓரளவு சொல்ல ஏ.எம்.எச். என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எனக்கு அது ஒன்றுக்கும் கீழே வந்தது. ஜவுளிக்கடைக்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டாக் குறைவு, புதுச் சரக்கு வராது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி முட்டையை எடுத்து உறைய வச்சுக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை, வெளியேதான் பண்ணணும். செலவாகும். பண்ணியே ஆகணும்னு சொல்லலை. பின்னாடி, 'யாரும் சொல்லலையே'ன்னு நீங்க நினைக்கக் கூடாது," என்றார்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் அம்மா சொன்னார். "முப்பது வருஷம் அங்கன்வாடியில முட்டைக் கணக்கு எழுதியிருக்கேன். இப்படி ஒரு முட்டையைக் கேள்விப்பட்டதில்லை."

தில்லைநகரில் இருந்த கருத்தரிப்பு மையத்துக்கு அப்படித்தான் போனோம். அங்கே இருந்த டாக்டர் நிதானமான பெண்மணி. நான் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி. சாதாரணமாக மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிரும். ஊசி போட்டால் ஒரே நேரத்தில் பல முதிரும். பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். முதிர்ந்தவற்றை மட்டும் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள்.

அம்மாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்க முடியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். டாக்டரே புரிந்துகொண்டார்.

"கல்யாணம் ஆகாதவங்களுக்கு ஸ்கேன் வயித்து மேலே வச்சுத்தான் பாப்போம்மா. முட்டை எடுக்கிற அன்னைக்கு மட்டும் கீழ் வழியா. அது மயக்கத்துல, கால் மணி நேரம். உங்க பொண்ணுக்கு அதனால எந்தக் குறையும் வராது."

அம்மா தலையை ஆட்டினார். முகம் தெளியவில்லை. "கல்யாணமே ஆகாம போனாலும் பின்னாடி குழந்தை பெத்துக்கச் சட்டத்துல வழி இருக்கு. அதை அப்புறம் பேசுவோம்," என்று டாக்டர் சொன்னதை அம்மா கேட்காதது போல் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை கிடைக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்க அளவுக்கு அஞ்சு கிடைக்கலாம், எட்டு கிடைக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். கிடைச்ச ஒவ்வொண்ணும் குழந்தையாகும்னு இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன்."

மையத்தின் கட்டணம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். முதல் வருடம் பாதுகாத்து வைப்பதும் அதில் சேர்ந்தது. ஊசி மருந்து தனி, அறுபதாயிரம் வரை ஆகலாம். மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் தனி. என்னிடம் ஆர்.டி.யில் எழுபதாயிரம் இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் கேட்டதும், "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்? ஆபரேஷனைப் பண்ணுவோம். மத்ததை வர்றவன் பாத்துக்குவான்," என்றான்.

அம்மாவின் வாதமும் அதுதான். அப்போது ஜீயபுரத்திலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். வாழைத் தோட்டம் இருக்கிற குடும்பம். பையன் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். வந்து பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும், "நீங்க நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உட்காருங்க," என்று சொன்னார். அது என் மனதில் நின்றிருந்தது.

"பூ வச்சு, சட்டுன்னு கல்யாணத்தை முடிச்சுட்டா அவங்க வீட்டுலயே வைத்தியம் பாப்பாங்க," என்றார் அம்மா.

"கட்டியை மறைச்சு வச்சுக் கட்டிக் குடுக்கச் சொல்றியாம்மா?"

"மறைக்கச் சொல்லலை. முந்திக்கிட்டுச் சொல்ல வேண்டாம்னு சொல்றேன்."

நாலு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டையும் இல்லை. சாப்பாடு எடுத்து வைப்பார், நான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

ஐந்தாம் நாள் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்காக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அம்மா என்னை முந்திக்கொண்டு டாக்டரிடம் கேட்டார். "அடுத்த மாசமே கல்யாணம் பண்ணி, உடனே ஒரு குழந்தை பெத்துக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன் பண்ணலாமாங்க?"

டாக்டர் புது ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கட்டி அரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. "கல்யாணம் பண்றது உங்க இஷ்டம்மா. ஆனா இது உங்க தேதிக்குக் காத்திருக்காது," என்றார்.

திரும்பும்போது ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு மாறவேண்டிய சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். அம்மா அடுத்த பஸ்ஸைப் பார்க்காமல் கடைவீதிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். எங்கே என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். நகைக்கடைகள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்த பிறகு, கைப்பையிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். எனக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு வளையல்.

"எப்ப எடுத்துட்டு வந்தே?"

"காலையிலேயே. டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா திருப்பிக் கொண்டுபோய் வச்சிருப்பேன்."

அடகு வைக்கலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வட்டி கட்டறது உன் சம்பளத்துலதான். வேண்டாம். வித்துட்டா அதோட விட்டுது."

கடைக்காரர் எடை போட்டு, கல்லுக்கும் சேதாரத்துக்கும் கழித்து, ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் என்றார். அம்மா அவருடைய தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான், "கல்யாணத்துக்குன்னு வாங்கினதும்மா," என்றேன்.

"உனக்குன்னு வாங்கினது," என்றார் அம்மா. பணத்தை இரண்டு தடவை எண்ணி என்னிடம் கொடுத்தார்.

ஊசியில் இரண்டு வகை உண்டு. பேனா மாதிரி தயாராக வருவது விலை அதிகம். பொடியையும் நீரையும் நாமே கலந்து போட்டுக்கொள்வது விலை குறைவு. "குறைஞ்ச விலையில வேலை செய்யுமா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேட்டேன். செய்யும், ஆனால் கலக்கும்போது கவனமாக இருக்க வேண்டும் என்றார். தினமும் நர்ஸிடம் வந்து போட்டுக்கொண்டால் அதற்கும் கட்டணம், ஆட்டோ வேறு. அதனால் நானே கற்றுக்கொண்டேன். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும்.

முதல் நாள் மாலை தோலைக் கிள்ளிப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போட்டுட்டியா, போட்டுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து பஞ்சையும் ஸ்பிரிட்டையும் அவரே எடுத்து வைத்தார். ஆறாம் நாள், "நேத்து இடது பக்கம் போட்டே, இன்னைக்கு வலது," என்று சொன்னார். காலண்டரில் 'இ', 'வ' என்று எழுதி வைத்திருந்தார். வேளைக்கு ஒரு அவித்த முட்டையும் வந்தது. டாக்டர் புரதம் சாப்பிடச் சொன்னார். முட்டைக்கு முட்டை என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் நாளாக ஆக வயிறு ஊதி, பாவாடை நாடாவைத் தளர்த்த வேண்டியிருந்தது. பில் போடும்போது காரணமில்லாமல் கண் கலங்கும். மருந்து அப்படித்தான் செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தது உதவியாக இருந்தது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் ஸ்கேன், முடித்துவிட்டுக் கடைக்கு ஓடுவேன். காத்திருக்கும் அறையில் எல்லோரும் ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். தொடை மேல் தடித்த ஃபைல். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது அங்கே ஒரு மரியாதை. ஒரு நாள் பக்கத்தில் இருந்த பெண், "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் ஃபைலை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப ஊசி யார் போடறாங்க?" என்றார்.

"நானேதான்."

"நானும்தான். எங்க வீட்டுக்காரருக்கு ஊசியைப் பாத்தாலே தலை சுத்தும்." புடவையை லேசாக விலக்கி நீலம் பாரித்த இடங்களைக் காட்டினார். நானும் காட்டினேன். ஐஸ் கட்டி வைத்துவிட்டுப் போட்டால் நீலம் வராது என்று சொல்லிக் கொடுத்தார். அது உண்மைதான்.

எட்டாம் நாள் அம்மாவும் நானும் அதே அறையில் இருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. ஜீயபுரத்துப் பையனின் அம்மா. வரும் வெள்ளிக்கிழமை பூ வைக்க வரலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில்தான் எனக்கு முட்டை எடுக்க நாள் வரும். அம்மா ஏதாவது சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன். வெளியே போய்ப் பேசுவார் என்றும் நினைத்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"நான் ஒண்ணு சொல்லணுங்க. என் பொண்ணுக்குச் சினைப்பையில கட்டி இருக்கு. ஆபரேஷன் பண்றோம். அதுக்கு முன்னாடி முட்டை எடுத்துப் பத்திரமா வைக்கிறோம். இப்ப அந்த ஆஸ்பத்திரியிலதான் உக்காந்திருக்கோம்... ஆமாங்க, கல்யாணத்துக்கு முன்னாடிதான்... இல்லைங்க, கேன்சர் எல்லாம் இல்லை... முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான், அவ சொல்லச் சொன்னா... சரிங்க. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அம்மா நேராக எதிர்ச் சுவரைப் பார்த்தார். அறையில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும். ஒருவரும் திரும்பவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தரகர் கூப்பிட்டு ஜாதகம் சரியாக வரவில்லை என்றார். "பத்துப் பொருத்தத்துல ஒன்பது இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மட்டும் அம்மா கேட்டார். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று கடையில் ஒரு பில்லை மூன்று தடவை தப்பாகப் போட்டேன். என்னை உட்காரச் சொன்னவர், தானே ஒருமுறை பேசியிருக்கலாம் என்று தோன்றியது. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் தெரியாது.

கடைசி ஊசிக்கு நேரம் முக்கியம். அதைப் போட்டு முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் வீண். எனக்கு இரவு எட்டரை என்று சொல்லியிருந்தார்கள். என் போனிலும், தன் போனிலும், பழைய டைம்பீஸிலும் அலாரம் வைத்துவிட்டு அம்மா ஏழரைக்கே ஊசியை மேசையில் எடுத்து வைத்துவிட்டார்.

முட்டை எடுக்கும் காலையில் வாசலில் அண்ணன் காரோடு நின்றான். நான் கூப்பிடவில்லை, அம்மா சொல்லியிருக்கிறார். வழியெல்லாம் ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். மையத்தில் நான் கவுன் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் காத்திருக்கும் அறையில் கணவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒரு பையன் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து, "சுதாவோட வந்தவங்க யாரு சார்? உள்ளே போய் சாம்பிள் குடுத்துடுங்க," என்றானாம்.

அம்மா பிறகு சொன்னார். அண்ணனுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டதாம். "நான் அண்ணன்ங்க. அவங்களுக்கு முட்டை மட்டும்தான்," என்றானாம். பையன் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிட்டான். அண்ணன் எழுந்து வெளியே போனவன், திரும்ப வரமாட்டான் என்று அம்மா நினைத்தாராம். பத்து நிமிடத்தில் மூன்று இளநீரோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தானாம்.

உள்ளே குளிராக இருந்தது. மயக்க மருந்து டாக்டர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். பில் பிரிவு என்று சொல்லத் தொடங்கினேன். முடித்தேனா தெரியவில்லை. கண் விழித்தபோது வயிற்றில் ஒரு பிடிப்பு, தொண்டை வறட்சி, தலைமாட்டில் அம்மா. டாக்டர் மதியத்துக்கு முன் வந்தார்.

"ஏழு கிடைச்சுது. அதுல அஞ்சுதான் முதிர்ந்தது. அந்த அஞ்சையும் உறைய வச்சாச்சு."

ஐந்து. இரண்டு வளையல், எழுபதாயிரம், பதினொரு நாள் ஊசி, ஐந்து முட்டை. நான் கொஞ்சம் அழுதேன். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு சுற்று செய்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் ஆபரேஷனை ஒன்றரை மாதம் தள்ள வேண்டியிருக்கும் என்றார்.

அண்ணன் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். "பண்ணணும்னா பண்ணு, சுதா. இந்தத் தடவை நான் தரேன்," என்றான். முதலில், 'எதுக்கு இதெல்லாம்?' என்று கேட்டதை அவனும் சொல்லிக்காட்டவில்லை, நானும் சொல்லிக்காட்டவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பணம் மட்டுமில்லை. இடது பக்கம் குத்து வலி தினமும் வர ஆரம்பித்திருந்தது. கட்டி முறுக்கிக்கொண்டால் சினைப்பையே போய்விடும் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது காதில் இருந்தது. ஐந்து போதும் என்று எனக்கு எந்த உறுதியும் இல்லை. ஆனால் இருக்கிற உடம்பைப் பணயம் வைத்து இல்லாத குழந்தைக்கு எண்ணிக்கை கூட்ட எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்றேன். அண்ணன், "சரி," என்றான்.

ஆபரேஷன் குறித்த தேதியில் நடந்தது. வயிற்றில் மூன்று சின்னத் துளைதான். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தேன். வார்டில் இருபது கட்டில், எப்போதும் ஏதோ ஒரு குழந்தை அழும் சத்தம். அம்மா என் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பார். நான் புரண்டால், கீழேயிருந்து, "என்ன?" என்று குரல் வரும். அண்ணி தினமும் கைலாசபுரத்திலிருந்து ரசம் சாதம் கொடுத்தனுப்பினார். அண்ணன் வேலை முடிந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போவான்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இடது சினைப்பையில் பாதியைக் காப்பாற்ற முடிந்தது. வலது பக்கத்தைத் தொடவில்லை, அதற்கு மாத்திரை. மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கையிருப்பு முன்பு இருந்ததில் பாதியாகிவிட்டது. அந்தச் சீட்டைப் பார்த்தபோது, தில்லைநகரில் இருக்கும் ஐந்தை நினைத்துக்கொண்டேன். வலி இப்போது பெரும்பாலும் இல்லை. மாதத்தில் அந்த இரண்டு நாளும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து பில் போடுகிறேன். பதினைந்து வயதிலிருந்து இப்படி இருந்திருக்கலாமே என்று சில சமயம் கோபம் வரும், யார் மேல் என்று தெரியாமல். உங்கள் வீட்டில் ஒரு பெண் வலியால் சுருண்டு படுத்தால், 'எல்லாருக்கும் உள்ளதுதான்' என்று சொல்லாமல் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இதை எழுதியதில் ஒரு பயன் இருக்குமானால் அது இதுதான்.

வரன் பார்ப்பதை அம்மா நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தரகரிடமும் வரன் வீட்டாரிடமும் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுகிறார். சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் விவரமாகக் கேட்டுவிட்டு, தன் மகளுக்கும் அந்த வலி இருக்கிறது, எந்த டாக்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டாராம்.

போன வாரம், முட்டைகளைப் பாதுகாத்து வைக்கக் கட்டிய முதல் வருடம் முடிந்தது. அம்மாவும் நானும் மையத்துக்குப் போனோம். அம்மாவுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாமல் கீழே மரத்தடியில் நின்றுகொண்டார். நான் மேலே போனேன். காசாளர், ஒரு வருடத்துக்குப் பதினெட்டாயிரம், ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பதினைந்தாயிரம் தள்ளுபடி, தவணையிலும் கட்டலாம் என்றார். பதினொரு வருடம் தள்ளுபடி எழுதியே பழகியவள் நான். மனம் கணக்குப் போட்டது. ஆனால் ஐந்து வருடம் கழித்து நான் யாராக இருப்பேன், எனக்கு என்ன வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே எழுதிக்கொடுக்கத் தோன்றவில்லை. விட்டுவிடவும் மனமில்லை. ஒரு வருடத்துக்குக் கட்டினேன்.

கீழே வந்ததும் அம்மா கேட்டார். "எத்தனை வருஷத்துக்குக் கட்டினே?"

"ஒரு வருஷத்துக்கு."

"அப்ப அடுத்த வருஷமும் வரணுமா?"

"வரணும்மா."

அம்மா மரத்தில் ஊன்றியிருந்த கையை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டார். "சரி, வருவோம்," என்றார்.